இடது ஜன்னலா, வலது ஜன்னலா? வேலூரிலிருந்து ஒரு விமான அனுபவம்

விமானத்தில் வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரிசை எண்ணை அப்புறம் பார்க்கலாம், முதலில் பக்கத்தை முடிவு செய்யுங்கள். தோல் வியாபார வேலையாகப் பல வருடங்களாக வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் போய், அங்கிருந்து கொல்கத்தா, டெல்லி என்று போய் வருகிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். மூன்று மூன்றாக சீட் உள்ள விமானங்களில் ஏ என்பது இடது ஜன்னல், எஃப் வலது ஜன்னல்.

சென்னை–கொல்கத்தா நேர்கோடு பெரும்பாலும் கடல் மேல்தான் போகிறது. கரை இடது பக்கம். எஃப் சீட்டில் உட்கார்ந்தால் வங்காள விரிகுடா மட்டும்தான். ஏ சீட்டில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பழவேற்காடு ஏரி வரும், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் கோதாவரிக் கழிமுகம், ஒடிசா பக்கம் சிலிகா ஏரி. திரும்பி வரும்போது எஃப். சி.எம்.சி.யில் வைத்தியம் முடித்து ஊர் திரும்பும் வங்காளக் குடும்பங்கள் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். டெல்லியிலிருந்து பாக்டோக்ரா, குவஹாத்தி, காட்மாண்டு போவதானாலும் ஏ சீட்தான். விமானம் கிழக்கே போக, இமயமலை வடக்கே, அதாவது இடது பக்கம் நிற்கும்.

சரி, நம்ம வட ஆற்காடு எப்போது தெரியும்? சென்னை–பெங்களூரு விமானத்தில். வேலூர்க்காரர்களுக்கு அந்த விமானம் தேவைப்படுவதே பெங்களூரில் வேறு விமானம் மாறும்போதுதான். அப்படி அமைந்தால் ஏ சீட்டை விடாதீர்கள். நேர்கோட்டுப் பாதைக்குக் கொஞ்சம் தெற்கே நம்ம ஊர் இருக்கிறது. கோட்டையைத் தேடினால் பிடிபடாது, பாலாற்றைத் தேட வேண்டும். அகலமான வெளுத்த மணல் பட்டை ஒன்று கிழக்கு மேற்காக ஓடும். அதற்கு இந்தப் பக்கம் காட்பாடி, அந்தப் பக்கம் வேலூர், அதற்கும் பின்னால் ஜவ்வாது மலை. மழைக்காலம் முடிந்த கையோடு, டிசம்பர், ஜனவரியில் போனால் காவேரிப்பாக்கம் ஏரி தொடங்கி வழி முழுக்க ஏரிகள். தரையில் பஸ்ஸில் போகும்போது கரை மட்டும் தெரிகிற ஏரிகள் இவை. இத்தனை ஏரிகளை வெட்டி வைத்த மண்ணா இது என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

வெயில் விஷயத்தில் பொதுவாகச் சொல்லும் யோசனை, சூரியன் இல்லாத பக்கம் உட்கார் என்பது. மலை பார்க்க அது சரி. கண் கூசாது, போட்டோ தெளிவாக வரும். ஆனால் ஏரி, ஆறு பார்க்க நான் வேண்டுமென்றே சூரியன் இருக்கும் பக்கம் உட்காருவேன். எதிர் வெயிலில் தண்ணீர் தகதகவென்று மின்னும், சின்னக் குட்டை கூடத் தப்பாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பெங்களூரு போகும் ஏ சீட்டுக்கு அந்த வெளிச்சம் கிடைத்துவிடும்.

வரிசையைப் பொறுத்தவரை, றெக்கைக்கு முன்னால் அல்லது நன்றாகப் பின்னால். ஏர்பஸ் 320-இல் அவசர வழி பெரும்பாலும் 12, 13-ஆம் வரிசைகளில் இருக்கும். அது றெக்கையின் மேலேயே வருவதால் கீழே பார்க்க ஆகாது. பின் சீட்டில் இன்ஜின் அனல் காற்றால் போட்டோ லேசாகக் கலங்கும், கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. முன் வரிசைக்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் நான் பின்னாலேயே போய்விடுவேன். போயிங் 737-இல் மட்டும் கவனம்: ஏ.சி. குழாய் போவதற்காக றெக்கைக்கு முன்னால் ஒரு வரிசையில் ஜன்னலே இருக்காது, வெறும் சுவர்தான். சின்ன ஏ.டி.ஆர். விமானத்தில் றெக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையும் பரவாயில்லை, தாழ்வாகவும் பறக்கும்.

சென்னையில் இறங்கும்போது காற்றைப் பாருங்கள். விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விமானம் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து வந்து இறங்கும். அப்போது மெரினாவும் துறைமுகமும் வலது பக்கம். ராத்திரி விமானம் என்றாலும் இந்த ஒரு காட்சிக்காக எஃப் சீட்டுக்குப் பணம் கட்டலாம். மற்ற ராத்திரிப் பயணங்களுக்கு நடைபாதை ஓர சீட்டே போதும்.