ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேன் புஷ்ஷா?

1989-இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஒரு லேசான காரை வீட்டில் பிரித்துப் போட்டால், இந்தக் கேள்வி கட்டாயம் வரும். புஷ் என்பது சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் இருக்கும் மெத்தை போன்ற உருளை. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள். புஷ்ஷுக்குப் பஞ்சமே இல்லை.

பொருத்துவது: ரப்பருக்கு பிரஸ் (அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) வேண்டும். பாலி பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும், கையாலேயே அமுக்கிவிடலாம். பழசைக் கழற்றும் பாடு இரண்டுக்கும் ஒன்றுதான்.

உழைப்பு: ரப்பர் நாளாக ஆக வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊறும். பாலி எண்ணெயைத் தாங்கும். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும்.

ஓட்டம்: ரப்பர் அதிர்வை விழுங்கும். பாலியில் ஸ்டீயரிங் துல்லியம் கூடும், சாலையின் சத்தமும் கூடும்.

முக்கியமான வேறுபாடு இது: பாலி புஷ் சுழலும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதனால் ரப்பர் போட்டால், கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டை முழுசாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கிய நிமிடத்திலிருந்து ரப்பர் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் பழி ரப்பர் மேல்!

தினமும் ஓட்டும் காருக்கு ரப்பர். பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள், பிரஸ் இல்லாதவர்கள் பாலி போடலாம்.