வாடகைப் பாக்கிக்கு நோட்டீஸ்: வாட்ஸ்அப்பா, கையில குடுக்கவா, தபாலா, வக்கீலா?

எங்க அத்தைக்கு திருநெல்வேலி டவுன்ல ஒரு வளவு இருக்கு, நாலு வீடு, ஒரே வரிசை, முன்னால பொதுக் குழாய். அத்தைக்கு வயசாயிட்டதால வாடகை வாங்குறது, பைப்பு ரிப்பேர், குழாயடிச் சண்டை தீத்து வைக்கிறது எல்லாம் பத்து வருசமா என் தலையிலதான். பாக்கி வச்சவங்களுக்கு நோட்டீஸ் குடுக்க இருக்குற வழி எல்லாத்தையும் பாத்தாச்சு, ஒண்ணுல நல்லா அடியும் வாங்கியாச்சு. அதனாலதான் இத எழுதுதேன்.

வாடகைய கேட்டது வேற, நோட்டீஸ் குடுத்தது வேற. "மாசாமாசம் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்"னு கோர்ட்டுல போய்ச் சொன்னா ஒண்ணும் நிக்காது. தமிழ்நாட்டுல பழைய 1960 வாடகைச் சட்டம் போயி, 2017ல போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுல 21ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ரெண்டு மாச வாடகை பாக்கி நின்னு, அதக் கேட்டு நோட்டீஸ் குடுத்து, அது கையில கெடச்ச ஒரு மாசத்துக்குள்ள வட்டியோட முழுசா கட்டலன்னாத்தான் அந்தக் காரணத்த வச்சு காலி பண்ணச் சொல்லி மனு போடலாம். எப்படிக் குடுக்கணும்ங்கிறதுக்கு 1882 சொத்து மாற்றுச் சட்டம் 106(4)ஐ காட்டி விட்டுருக்காங்க, அங்க எழுத்துல இருக்கணும், கையெழுத்து இருக்கணும், தபால்ல அனுப்பலாம், இல்ல ஆளுகிட்டயோ அவர் வீட்டுல குடும்பத்து ஆளு, வேலைக்காரங்க கிட்டயோ குடுக்கலாம், எதுவும் முடியலன்னா மட்டும் கண்ணுல படுற எடத்துல ஒட்டலாம்னு இருக்கு. ஆக அந்த ஒரு மாசம் எந்தத் தேதியில ஆரம்பிச்சுதுன்னு, நம்மள முன்னப் பின்ன தெரியாத ஒரு ஜட்ஜுக்குக் காட்ட முடியுதா? நான் எல்லாத்தையும் அத வச்சுத்தான் பாக்குதேன்.

எல்லாரும் வாட்ஸ்அப்லதான் ஆரம்பிப்போம். காசு கெடையாது, நேரம் ஆகாது, ரெண்டு நீல டிக் விழுந்துட்டா பாத்துட்டார்னு நமக்கு ஒரு திருப்தி. ஆனா 106(4)ல வாட்ஸ்அப் இல்ல. 2018ல பாம்பே ஹைகோர்ட்டு நீல டிக்க ஏத்துக்கிச்சேன்னு சொல்லுவாங்க, அது ஏற்கனவே தீர்ப்பாகி நிறைவேத்துற கட்டத்துல இருந்த கிரெடிட் கார்டு பாக்கி கேஸு, வாடகை நோட்டீஸ் இல்ல. 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு போலீஸ்காரங்களே விசாரணைக்குக் கூப்பிடுற நோட்டீஸ வாட்ஸ்அப்ல அனுப்பக் கூடாதுன்னுட்டு. அதுபோக சாட்டிங்க சாட்சியா காட்டணும்னா புது சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவுபடி சர்டிபிகேட்டு வேற குடுக்கணும். அதுக்காக சும்மா விட்டுராதீங்க, "அண்ணாச்சி ஜூன், ஜூலை ரெண்டும் சேத்து இந்த வாரம் போட்டுருதேன்"னு கும்பிடு எமோஜியோட ஒரு பதில் வந்துச்சுன்னா அது பாக்கிய ஒத்துக்கிட்ட மாதிரி. அழிச்சிராம வைங்க. நோட்டீஸ்னு மட்டும் நம்பாதீங்க.

கையில குடுக்கறதுதான் சட்டப்படி செலவே இல்லாத வழி, வளவுன்னா குழாயடியிலயே ஆளப் புடிச்சிரலாம். நம்ம ஊருல சிக்கல் சட்டத்துல இல்ல, முகத்துல இருக்கு. மூணாவது வீட்டு சாருக்கு மூணு மாசப் பாக்கி, ரெண்டு காப்பி எடுத்துக்கிட்டுப் போனேன், ஒண்ணு அவருக்கு, ஒண்ணுல வாங்கிக்கிட்ட தேதி போட்டு கையெழுத்து வாங்க. "ஒரு குடும்பமா பழகிட்டு பேப்பர நீட்டுதியளே, இது நல்லாவா இருக்கு?"ன்னாரு, அதுக்குள்ள அவங்க வீட்டம்மா காப்பி கொண்டாந்து வச்சிட்டாங்க, குடிச்சிட்டு ரெண்டு பேப்பரையும் அப்படியே மடிச்சு சட்டப் பையில வச்சிக்கிட்டு வந்துட்டேன். கையெழுத்துப் போடுறவருன்னா இதவிட வேகமான வழி கெடையாது, போட மாட்டேன்னா பக்கத்து வீட்டுக்காரர சாட்சிக்குத்தான் கூப்பிடணும், வளவுக்குள்ள எவன் வருவான்?

அப்புறம் தபால். நான் முழுசா நம்புறது இதத்தான். 1897 பொது உட்பிரிவுகள் சட்டம் 27ஆவது பிரிவுல, சரியான அட்ரஸ் எழுதி, ஸ்டாம்பு கட்டி, ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பிருந்தா போய்ச் சேந்ததாவே எடுத்துக்கிடுவாங்க, இல்லன்னு நிரூபிக்கற பொறுப்பு அவர் தலையில. வாங்க மாட்டேன்னு திருப்பி விட்டாலும் நமக்கு நஷ்டமில்ல. 2025 செப்டம்பர்ல இருந்து ரெஜிஸ்டர் தபால ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால கவுண்டர்ல வெறும் ஸ்பீட் போஸ்ட்னு சொல்லாம, ரெஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சியும் சேத்துக் கேளுங்க.

நான் அடி வாங்குனதும் இதுலதான். "சரியான அட்ரஸ்"ங்கிறத நான் லேசா எடுத்துக்கிட்டேன். டவுன்ல பாதி வீட்டுக்கு பழைய நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணு. நான் பழைய வீட்டு வரி ரசீதப் பாத்து பழைய நம்பர மட்டும் எழுதிட்டேன், வழக்கமா வர்ற போஸ்ட்மேனுக்கு வளவு பேரு சொன்னாலே தெரியும், அந்த வாரம் பாத்து அவர் லீவு. கவர் "முகவரி சரியில்லை"ன்னு திரும்பி வந்துச்சு. "மறுத்துவிட்டார்"னு வந்தா அது நமக்குச் சாதகம், இப்படி வந்தா நம்ம தப்பு. திரும்ப எழுதி, திரும்ப அனுப்பி, ரெண்டு மாசம் போச்சு, அதுக்குள்ள பாக்கி அஞ்சு மாசம் ஆயிட்டு. இப்பல்லாம் பழசு, புதுசு ரெண்டு நம்பரும், வளவு பேரும், மாடியா கீழயான்னும் எழுதுதேன். இன்னொண்ணு, திரும்பி வந்த கவர ஆத்திரத்துல கிழிச்சுப் பாக்காதீங்க, ஒட்டுன கவர் ஒட்டுனபடியே கோர்ட்டுக்குப் போவணும்.

வக்கீல் நோட்டீஸும் அதே தபால்லதான் போவுது, வக்கீல்தான் அனுப்பணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. கூடுதலா கெடைக்கறது அந்த லெட்டர்ஹெட்டுக்கு இருக்குற பயமும் பிசிறில்லாத வாசகமும்தான். ஆனா அது போன அன்னைக்கே பேச்சுவார்த்தை முடிஞ்சுது, அவரும் பாளையங்கோட்டை கோர்ட்டு பக்கம் போயி ஒரு வக்கீலப் புடிச்சு "மச்சு ஒழுகுது, ஓனர் ரிப்பேர் பாக்கல"ன்னு பதில் நோட்டீஸ் விடுவாரு. வீட்டுக்கு இத ரெண்டாவது அடியா வச்சுக்கிடலாம். கடைன்னா, ஜங்ஷன் பக்கமோ பேட்டையோ, பாக்கி பெருசு, எதிராளியும் வெவரமானவரு, நேரா வக்கீல்தான். அப்பவும் அவர் எழுதுனத படிச்சுப் பாருங்க, பாக்கியக் கட்டச் சொல்லுற நோட்டீஸ் வேற, வாடகை உறவையே முடிக்கற 15 நாள் நோட்டீஸ் வேற, சில பேரு ஒரே பாராவுல ரெண்டையும் போட்டுக் கொழப்பி வச்சிருப்பாங்க.

கதவுல ஒட்டுறது கடைசியிலதான், அதுவும் வீடு பூட்டிக் கெடக்கு, தபாலும் போவலங்கிற நெலமையில, தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுத்து. எடுத்த எடுப்புல போயி ஒட்டுனா அது அவமானப்படுத்துறதுதான். கரண்ட்ட, தண்ணிய நிறுத்துற வேலை வேண்டவே வேண்டாம், சட்டத்துல அதுக்கு நேரடித் தடை இருக்கு, பாக்கி வச்சவரு பாவப்பட்டவராயிருவாரு.

இப்ப நான் செய்யுறது, ஒரே லெட்டர், ஒரே தேதி, எந்த மாசத்துக்கு எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி, கரண்ட் பில்லு பாக்கிய தனி வரியில போட்டு, கையில ஒண்ணு குடுத்துப் பாப்பேன், கையெழுத்து விழுந்தாலும் விழலன்னாலும் அன்னைக்கே ரெஜிஸ்ட்ரேஷனோட ஸ்பீட் போஸ்ட்லயும் போட்டு, ரசீதோட சேத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல தட்டி விட்டுருவேன். மூணாவது வீட்டு சாரு ரெண்டாவது தபால் கெடச்ச பதினெட்டாவது நாளு பாதிக்கு மேல பணத்த ஜிபேல போட்டாரு. வாங்கிக்கிட்டேன், ஆனா "எந்த மாசத்துக்கு சார்?"னு உடனே கேட்டு "பழைய பாக்கியில மூணு மாசம்"னு அவரையே டைப் பண்ண வச்சேன், அத்தை கையெழுத்துல ரசீதும் குடுத்தேன். மீதி ரெண்டு மாசத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருந்துச்சு, கடைசி நாளுக்கு மொத நாளு ராத்திரி வந்து குடுத்துட்டாரு.