விம் எடிட்டர்: கை பழகியது, ஸ்கிரிப்ட் மொழி இன்னும் பழகவில்லை

கோத்தகிரியில் பசுந்தேயிலை வரத்துக் கணக்கைப் பல வருடமாக விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில்தான் பார்க்கிறேன். மழைக்காலத்தில் நெட் போனாலும் பழைய லேப்டாப்பில் சட்டென்று திறக்கும். எடிட்டர் மேல் எனக்குக் குறையே இல்லை. குறையெல்லாம் அதற்குள்ளே ஸ்கிரிப்ட் எழுத இருக்கும் விம்ஸ்கிரிப்ட் என்ற மொழி மேல்தான்.

இலை போடும் விவசாயிகளின் எண்கள் 009, 011 என்று பூஜ்யத்தோடு இருக்கும். ஃபைலிலிருந்து ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) எடுத்த "011"-உடன் 0 கூட்டினால் வருவது 9. முன்னால் பூஜ்யம் இருந்தால் ஆக்டல் (எட்டை அடிமானமாகக் கொண்ட எண்) என்று எடுத்துக்கொள்கிறது. "009" கொடுத்தாலும் 9தான்! ஆக்டலில் 9 என்ற இலக்கமே கிடையாது என்பதால் அதை மட்டும் சாதாரண எண்ணாக விட்டுவிடும். ஆக, இரண்டு பேர் இலை ஒரே கணக்கில் விழும், எர்ரரும் வராது. பத்தை அடிமானமாக வைத்து மாற்றித்தரும் ஃபங்ஷன் தனியாக உண்டு. அது இல்லாமல் எண்களைத் தொடவே கூடாது.

கோலன் தொல்லை வேறு மாதிரி. கேள்விக்குறி போட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரியில் ஏ, பி என்ற இரு வேரியபிள்களுக்கு நடுவே இடைவெளியின்றிக் கோலன் வைத்தால், இரண்டும் a:b என்று ஒட்டி, ஃபங்ஷனுக்குக் கொடுக்கப்பட்ட b என்ற ஒரே வேரியபிளாகப் படிக்கப்படும். ஹெல்ப் பக்கமே இதை எச்சரிக்கிறது. இங்கே பெரும்பாலும் எர்ரராவது வரும், புண்ணியம்.

டபுள் கோட் ஸ்ட்ரிங்கையும் தொடங்கும், கமெண்டையும் தொடங்கும். ஒரு கீக்கு வேலை ஒதுக்கும் மேப் வரியின் கடைசியில் கமெண்ட் எழுதினால் அதுவும் மேப்பிலேயே சேர்ந்துவிடும். இரண்டும் சமமா என்று பார்க்கும் == பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்குமா என்பது அவரவர் செட்டிங்கைப் பொறுத்தது; அதனால் நான் எப்போதும் அதைக் கட்டாயம் பார்க்கும் ==# தான். ஒற்றைப் புள்ளி ஸ்ட்ரிங்கை ஒட்டவும் செய்யும், டிக்ஷனரிக்குள் (பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) போகவும் செய்யும். பிற்பாடு ஒட்டுவதற்கென்றே .. கொண்டுவந்தார்கள்.

2022 ஜூனில் வெளியான விம் 9.0-இல் வந்த விம்9 ஸ்கிரிப்ட் இவற்றில் பலவற்றைச் சரிசெய்கிறது. கமெண்டுக்கு #. 011 என்றால் 11. ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் கூட்டினால் நேராக எர்ரர். பழைய ஸ்கிரிப்ட்கள் உடையக் கூடாது என்பதால் பழைய மொழியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபைல் முழுவதும் புதியது வேலை செய்ய, அதை முதல் கமாண்டாகச் சொல்ல வேண்டும். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மில் இது ஓடாது, அங்கே லுவா என்ற வேறு மொழி. குன்னூர் நண்பர் அதற்கு மாறிவிட்டார். நான் வரத்துக் கணக்கு ஸ்கிரிப்டை மட்டும் விம்9-க்கு மாற்றினேன். மற்ற பழைய ஃபைல்களைத் தொடும் உத்தேசம் இல்லை.