கேரவன் டயருக்கு எந்தச் சென்சார்: வால்வின் மேலா, ரிம்முக்குள்ளா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில், காரின் பின்னே கேரவனை (இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை) இழுத்துக்கொண்டு வான் ரீனன் கணவாய் ஏறும்போது, டயர் சென்சார்கள் அனுப்பும் காற்றழுத்தத்தைக் காட்டும் திரையில் ஒரு சக்கரத்தின் எண் மட்டும் மறைந்துவிட்டால், முதலில் வண்டியை ஓரங்கட்டிக் கைமானியால் டயரை அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் குறை சென்சாரிலோ சிக்னலிலோதான்.

வால்வின் மேல் திருகும் சென்சாரை அங்கேயே கழற்றி, வில்லை பேட்டரியை மாற்றி, மீண்டும் இறுக்கிச் சோப்பு நீர் தடவினால், குமிழி எழுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அதன் எடை ரப்பர் வால்வை ஆட்டி விரிசல் விடச் செய்யக்கூடும் என்பதால், அதற்குப் பதில் உலோக வால்வுகளைப் பொருத்திய பிறகே நான் அதை நம்பினேன்.

ரிம்முக்குள் இருக்கும் சென்சார் திருட்டுக்குத் தப்பும்; பேட்டரி தீர்ந்தாலோ டயரையே கழற்ற வேண்டும்.

கேரவனின் பின்சக்கரச் சிக்னல் அறுந்து அறுந்து வந்தால், இரண்டு வகைக்கும் மருந்து ஒன்றே: இடையில் ஒரு ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி வலுவாக மறுபடி அனுப்பும் கருவி. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினாலே அழுத்தம் 0.1 முதல் 0.2 பார் (அழுத்த அலகு) வரை ஏறுமாதலால், எச்சரிக்கை எல்லையை டயர் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் அமைப்பதே முறை. மலைப்பாதையில் அடிக்கடி செல்லும் குடும்பங்களுக்குத் திருகும் வகையையே பரிந்துரைப்பேன்.