டிஜே சிடிகளை எப்படி அடுக்குவது: படமா, எழுத்தா, வேகமா, நேரமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் கல்யாண வரவேற்புகளுக்குப் போகும் டிஜேக்களில் சிடி பெட்டியைக் கைவிடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெட்டியை எப்படி அடுக்குவது என்று பேச்சு வந்தால் ஆளுக்கொரு முறை சொல்வார்கள். சுற்றிச் சுற்றி நான்குதான் வரும்: படவாரியாக, எழுத்துவாரியாக, வேகவாரியாக, நிகழ்ச்சியின் நேரவாரியாக. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் கேட்பதெல்லாம் "பாட்டை எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம்" என்பதுதான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. ஒரு டெக்கில், அதாவது ஒரு சிடி பிளேயரில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்தது மற்ற டெக்கில் ஏற வேண்டும், அந்த அடுத்த பாட்டும் ஓடுகிற சிடியிலேயே இருந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் இதற்குப் பதில் வேண்டும்.

படவாரியாக அடுக்குவது வீட்டு அலமாரிக்கு நல்லது. வாங்கிய சிடி வாங்கிய உறையிலேயே இருக்கும், எந்தப் படம் என்று தெரிந்தால் கை நேராகப் போகும். ஆனால் தமிழ்ப்பட சிடிகளில் இரண்டு படம், மூன்று படம் என்று சேர்த்துப் போட்டவை ஏராளம், அதை எந்தப் பெயரில் வைப்பது? அதைவிட, ஒரு படத்தில் ஆட்டத்துக்கு ஆகிற பாட்டு ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றுக்காக ஒரு முழு சிடியைச் சுமக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஒன்று ஒரு சென்டிமீட்டர் தடிமன், 100 சிடி என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கு. மண்டபத்தில் மேசையில் அதற்கு இடம் ஏது?

எழுத்துவாரி இங்கே சுத்தமாக ஒத்துவராது. பாட்டுப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுதிவைக்கிறோம், 'ச'வில் தொடங்குவதை ஒருவர் 'எஸ்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'சி' போடுவார், ஒரே பாட்டு இரண்டு இடத்தில் கிடக்கும். கேட்டு வருகிற விருந்தாளியும் முதல் வரியைச் சொல்ல மாட்டார், நடுவிலிருந்து இரண்டு அடி முணுமுணுத்துக் காட்டுவார்.

அடுத்தது வேகம், அதாவது பிபிஎம், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. ஹவுஸ் என்ற மின்னணு ஆட்ட இசை மட்டும் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது, 120-லிருந்து 125 வரை ஒரு சிடி, அதன் தென்னாப்பிரிக்க வகையான அமாபியானோவுக்கு 112-ஐச் சுற்றி ஒன்று, அவ்வளவுதான். நம் பாட்டுக்கு வரும்போதுதான் சிக்கல். குத்துப்பாட்டில் பெரும்பாலானவை ஆறெட்டுத் தாளத்தில் ஓடுகின்றன, வேகம் எண்ணும் மென்பொருளோ எல்லாவற்றையும் நான்குநான்காக எண்ணப் பார்க்கும். கால் 90-க்கு ஆடிக்கொண்டிருக்கும், திரையில் ஒன்றரை மடங்காக 135 என்று நிற்கும். அதை நம்பி அடுக்கினால் குத்துப்பாட்டு போய் டெக்னோ பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். 70-களின், 80-களின் பாடல்கள் வேறு கதை: அவை கலைஞர்கள் உட்கார்ந்து நேரடியாக வாசித்தவை, பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் லேசாக இன்னொரு வேகம். அதற்கு ஒற்றை எண் எழுதுவதே பொய். ஆகவே தமிழ்ப் பாட்டுக்கு எண்ணைக் காலால் தட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும், பழைய பாட்டுக்கு 'மெது, நடு, வேகம்' என்று மூன்று பிரிவு போதும்.

வேகவாரியில் இன்னொரு பெரிய குறை இருக்கிறது, அதைப் பேசுவோர் குறைவு. ஒன்றோடொன்று நன்றாகச் சேரும் பாடல்களை எல்லாம் பொறுக்கி எடுத்து ஒரே சிடியில் வைத்துவிடுகிறோம். வைத்த பிறகு அவற்றைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் அந்த சிடி ஒரே டெக்கில்தானே இருக்க முடியும்! தீர்வு எளிது, ஒவ்வொரு சிடியையும் இரண்டு பிரதி பர்ன் செய்து இடது டெக்குக்கு ஒன்று, வலது டெக்குக்கு ஒன்று வைத்துக்கொள்வது. ஒன்றில் கீறல் விழுந்தால் மற்றது கைகொடுக்கும் என்பது கூடுதல் லாபம். இதைச் செய்யாமல் வேகவாரியாக அடுக்காதீர்கள்.

நேரவாரி என்றால் விருந்தாளிகள் வரும்போது, மணமக்கள் நுழையும்போது, சாப்பாட்டின்போது, ஆட்டத்தின்போது, கடைசியில் என்று ராத்திரி போகும் வரிசையிலேயே சிடிகளையும் வைப்பது. டர்பனில் ஒரே மண்டபத்தில் தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு, கரீபிய இந்தியர்களின் சட்னி இசை, ஹவுஸ் நாலும் கேட்பார்கள், பெண் வீட்டார் தெலுங்காக இருந்தால் அதுவும் வேண்டும், ஆகவே இந்த முறைதான் இந்த ஊருக்குப் பொருந்துகிறது. சாப்பாட்டு நேரத்தில் வேகத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, இதமாக இருந்தால் போதும். குறை என்னவென்றால் சில பாட்டு சாப்பாட்டுக்கும் ஆகும், ஆட்டத்துக்கும் ஆகும். அதை இரண்டு சிடியிலும் போட்டுவிட வேண்டியதுதான்.

சரி, என் தீர்ப்பு இது. வெளிப் பிரிவு நேரம், ஆட்டப் பகுதிக்குள் மட்டும் வேகம், அந்தப் பகுதிக்கு மட்டும் இரட்டைப் பிரதி. மொழிக்கு மார்க்கரின் நிறம் போதும், தமிழுக்குச் சிவப்பு, இந்திக்கு நீலம் என்று வைத்தால் அரை இருட்டிலும் தேட வேண்டாம். படவாரி சிடிகள், அதாவது காசு கொடுத்து வாங்கிய அசல்கள், வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது.

பர்ன் செய்யும்போது ஆடியோ சிடியா எம்பி3 சிடியா என்று இன்னொரு ஒப்பீடு இருக்கிறது. ஆடியோ சிடியில் 80 நிமிடம், ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 16. எம்பி3-யாக 192 கேபிபிஎஸ்-ல் வைத்தால் அதே 700 எம்பி-யில் சுமார் 100 பாட்டு அடங்கும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பயனியரின் டிஜே பிளேயர்களில் 2001-ல் வந்த சிடிஜே-1000 எம்பி3-ஐப் படிக்காது, அந்த வரிசையில் 2006-ல் வந்த மூன்றாம் பதிப்புதான் படிக்கும். மண்டபங்களில் பழைய பிளேயர்கள் இன்னும் கிடக்கின்றன. அதோடு 100 பாட்டில் ஒன்றைச் சின்னத் திரையில் தேடுவது, 16-இல் ஒன்றை அட்டையில் பார்த்து எடுப்பதைவிட மெதுவானது. ஆட்டப் பகுதிக்கு ஆடியோ சிடி, சாப்பாட்டு நேரத்துக்கு எம்பி3 என்று பிரித்துக்கொண்டால் சுமையும் குறையும்.

வைக்கும் பை பற்றியும் சொல்ல வேண்டும். ஜிப் வைத்த பை கைக்கு இலகு, ஆனால் பக்கங்கள் தைக்கப்பட்டிருந்தால் நடுவில் ஒரு புது சிடியைச் செருக எல்லாவற்றையும் ஒவ்வொரு இடமாக நகர்த்த வேண்டும். வளையம் போட்ட கோப்பு வகைதான் வாங்குங்கள், பக்கத்தைக் கழற்றி இடம் மாற்றலாம். டர்பன் கோடையின் புழுக்கத்தில் காகித லேபிள் ஓரம் கிளம்பும், கிளம்பினால் பிளேயருக்குள் மாட்டும், சமனில்லாமல் சுற்றும். சிடிக்கான மார்க்கரால் நேராக எழுதுவது நல்லது, பேனா முனை வேண்டவே வேண்டாம், ஏனென்றால் பாட்டு பதிந்த படலம் லேபிள் பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்கலாம், மேல்பக்கம் கீறினால் போனதுதான். வெயிலில் நிற்கிற காரிலும் பையை விடாதீர்கள்.

யூஎஸ்பி-யில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு பாட்டு பத்துப் பட்டியலில் இருக்கலாம், சில பிளேயர்களை இணைத்துவிட்டால் இரண்டு டெக்கும் ஒரே குச்சியைப் படிக்கும். 2020-ல் வந்த சிடிஜே-3000-இல் சிடி போடும் வாயே கிடையாது. அதனால் மண்டபக்காரரிடம் முன்பே என்ன பிளேயர் என்று கேட்டுவிடுங்கள், புதியது என்றால் இதே நேரப் பிரிவுகளை இதே பெயரில் ஃபோல்டர்களாக்கி, ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த யூஎஸ்பி குச்சியில் போட்டு எடுத்துப் போங்கள்.