காது மெஷினும் சென்னை வியர்வையும்: நான்கு வருட அனுபவம்

வலது காது மெஷின் நேற்றுதான் சர்வீஸிலிருந்து வந்தது. நான்கு வருடத்தில் மூன்றாவது முறை. ஸ்பீக்கர் மாற்ற 4,800 ரூபாய். என்னோடு வேலை பார்த்த நண்பர் போன வாரம், "எனக்கும் மாட்டச் சொல்லிவிட்டார்கள், நீங்கள் வைத்திருப்பதையே வாங்கலாமா சார்?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயரில் ஸ்பீக்கர் உள்ளே போகிற வகை. 312 நம்பர் பேட்டரி, பழுப்பு ஸ்டிக்கர். காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்ததும் இரண்டு மூன்று நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. உரித்துவிட்டால் மெஷினை மாட்டாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு ஆறு நாள் வருகிறது. தெளிவைப் பற்றிக் குறையே இல்லை.

பிரச்சினை வியர்வை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். மே மாதத்தில் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கே, நாலாவது சுற்றில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். காதோரம் வழிகிற வியர்வை நேராக மெஷின் மேல்தான் இறங்கும். முதலில் கரகரப்பு. அப்புறம் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. அப்புறம் சத்தமே இருக்காது. பேட்டரிக் கதவைத் திறந்தால் உள்ளே தகட்டில் பச்சை பூத்திருக்கும்.

"ஐபி 68 சார், தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஐபி 68 என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்று சோதித்துக் கொடுக்கிற தர எண். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. வியர்வையில் உப்பு இருக்கிறது. வாரண்டி கேட்டால், "ஈரம் போயிருக்கு சார், கவர் ஆகாது." சென்னையில் விற்கிற பொருளுக்கு ஈரம் கவர் ஆகாது என்றால் வேறு எதற்கு வாரண்டி? கழற்றி வைத்துவிட்டு நடங்கள் என்று யோசனை வேறு. லஸ் சர்ச் ரோட்டைக் கடக்கும்போது பின்னால் வரும் ஸ்கூட்டர் கேட்க வேண்டாமா? பெஞ்சில் நாலு பேர் பேசுவதைக் கேட்கத்தான் பாதி நாள் நான் எழுந்தே போகிறேன்.

இப்போது தலையில் துணிப் பட்டை கட்டிக்கொள்கிறேன். வந்ததும் துடைத்து, பேட்டரியை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறேன். இரவு ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா ஜெல் டப்பாவில் போடுகிறேன். இத்தனைக்கும் பிறகுதான் இந்த மூன்றாவது ரிப்பேர்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகின்றன. பேசுவது கேட்கும், ச, த, ப எது எதுவென்று பிரியாது. இரண்டாம் முறை கேட்டால் திருப்பிச் சொல்வார்கள். மூன்றாம் முறை, "ஒண்ணுமில்ல, விடுங்க." அந்த வார்த்தைக்குப் பயந்து கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். மறதி நோயைப் பற்றி 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அறிக்கையை மகள் படித்துக் காட்டினாள். நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களில் காது கேட்காததும் ஒன்று என்றிருந்தது. அந்த வாரமே டெஸ்ட் எடுக்கப் போனேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் போனது அதற்கு இரண்டு வருடம் முன்பே, பேத்தி எதையோ சொல்ல வந்து, "பாட்டிகிட்டயே சொல்லிக்கிறேன்" என்று திரும்பிப் போன மறுநாள்.

மாட்டிக்கொண்டு வந்த அன்று மாலை மனைவி பேப்பர் விரித்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தோல் பேப்பரில் விழுவது கேட்டது. சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து, "என்ன வேணும்?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். அதுவும் கேட்டது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: இந்த மாடல் வேண்டாம். நடக்கிற ஆளாக இருந்தால் வேண்டவே வேண்டாம். வேறு மெஷின் பாருங்கள், இந்த மாதமே பாருங்கள். நான் ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். வியர்வையால் கெட்டால் யார் செலவு என்று கடையில் கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.