கையில் ஒரே பிபி, பெருந்தமனியில் வேறு

ரத்தக்கொதிப்புக்கு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் பிபி இறங்கினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமனி விறைப்பு, அதாவது தமனிச் சுவர் நெகிழ்வை இழப்பது, என்று வரும்போது அது பாதி உண்மைதான்.

இரண்டு பிபி மாத்திரைகளை, பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த அட்டெனலாலையும் ஆம்லோடிபினையும், எதிரெதிரே வைத்துப் பாருங்கள். 2006இல் வெளியான கேஃப் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு அட்டெனலால், தேவைப்பட்டால் கூடவே தையசைடு என்ற சிறுநீர்பெருக்கி. இன்னொரு பிரிவினருக்கு ஆம்லோடிபின், தேவைப்பட்டால் பெரிண்டோபிரில். கையில் அளந்த மேல் அழுத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பெருந்தமனியில் கணக்கிட்ட அழுத்தமோ ஆம்லோடிபின் பிரிவில் 4.3 புள்ளி குறைவு.

இத்தனைக்கும் விறைப்பைக் காட்டும் நாடி அலை வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வித்தியாசம், திரும்பி வரும் அலையில் இருக்கிறது. இதயம் தள்ளும் அலை சிறு தமனிகள் வரை போய் மோதித் திரும்பும். அட்டெனலால் துடிப்பை மெதுவாக்குவதால் இதயம் சுருங்கும் நேரம் நீள்கிறது. அது முடிவதற்குள்ளேயே அலை திரும்பி வந்து, மேல் அழுத்தத்தின் மீது ஏறி உட்கார்ந்துவிடுகிறது. ஆம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, திரும்பும் அலை வலுவிழக்கிறது. இந்தப் போட்டியில் என் ஓட்டு ஆம்லோடிபினுக்கே, கணுக்கால் வீக்கம் வரலாம் என்றாலும்.

அப்புறம் பெரிண்டோபிரில் போன்ற ஏசிஇ தடுப்பான்களும், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற ஏஆர்பி வகையும். அழுத்தம் இறங்கினாலே தமனி கொஞ்சம் தளரும், அது எந்த மருந்திலும் கிடைக்கும். இவை ஒரு படி மேலே போகின்றன. தமனிச் சுவரில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் சேரத் தூண்டும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனையே இவை மட்டுப்படுத்துகின்றன. சுவர் மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால் இரண்டு வாரத்தில் அளந்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. இரண்டில் எது? விறைப்பை வைத்து என்னால் பிரிக்க முடியவில்லை. ஏசிஇ தடுப்பானில் வறட்டு இருமல் தொல்லை செய்தால் ஏஆர்பிக்கு மாறுவது வழக்கம். இரண்டையும் சேர்த்து எடுப்பது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

தையசைடு அழுத்தத்தை நன்றாக இறக்கும். விறைப்பில் அதற்குமேல் தனியாகப் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

பீட்டா பிளாக்கர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. நெபிவோலால் நைட்ரிக் ஆக்சைடு வழியாக ரத்தக்குழாயை விரிக்கும், அட்டெனலாலுக்கு அந்தக் குணம் கிடையாது. ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு அட்டெனலாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி, ஏன் மாரடைப்பே வரலாம். மாற்ற வேண்டுமென்றால் மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து மாற்ற வேண்டும்.